சாதாரணக் கடைத்தெருக்களைக் கட்டடக்கலைஞர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள்?

அழகியல் நோக்கம் எதுவுமின்றிப் பெருகிய வணிகச் சாலைகளிலிருந்து கட்டடக்கலைஞர்கள் எதைக் கற்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடக்கலை பயின்றவன் என்ற முறையில், எனக்கு இன்றும் வழிகாட்டியாக இருக்கும் ஓர் ஆய்வைக் கொண்டு விடையளிக்கிறேன்.

1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்த ராபர்ட் வென்ச்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் ஆகிய மூவரும் தங்கள் மாணவர்களுடன் லாஸ் வேகாஸின் சூதாட்ட விடுதிகள் நிறைந்த நெடுஞ்சாலையை ஆராயச் சென்றார்கள். அன்றைய கட்டடக்கலைஞர்களில் பலர் கண்ணை உறுத்தும் அலங்கோலம் என்று ஒதுக்கிய சாலை அது. இவர்களோ நல்லது கெட்டது என்ற தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே என்ன இருக்கிறது, அது எப்படி இயங்குகிறது என்பதையே முதலில் பதிவு செய்தார்கள். களத்தில் பத்து நாள்கள். திரும்பிவந்து அலசியதோ பத்து வாரங்கள்.

கையிலிருந்த வரைபட முறைகள் இதற்குப் போதவில்லை. சுவரையும் தூணையும் காட்டுவதற்கென்றே உருவான வரைபடத்தில் விளக்கொளிக்கும் விளம்பரப் பலகைக்கும் ஓடும் காருக்கும் இடம் ஏது? ஆகவே காரின் முன்பகுதியில் கேமராவைப் பொருத்திச் சாலையைப் படம்பிடித்தார்கள். மக்கள் நுழையக்கூடிய இடங்களை, தேவாலயத்தின் உட்புறம் உட்பட, வெண்மையாக விட்டு, இத்தாலிய நில அளவையாளர் நோல்லி 1748-இல் வெளியிட்ட ரோம் நகர வரைபடத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தார்ப்பரப்பு, கார்கள், காலிமனைகள், கட்டடங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வரைந்தார்கள். சாலையிலிருந்து கண்ணில் படும் ஒவ்வொரு சொல்லையும் அது இருக்கும் இடத்திலேயே எழுதிக் காட்டிய வரைபடம்தான் இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது.

அப்படிப் பார்த்தபோது ஒழுங்கு புலப்பட்டது. விரைந்து செல்லும் ஓட்டுநருக்குக் கட்டடத்தை நின்று கவனிக்க நேரமில்லை. அதனால் பலகை சாலையை ஒட்டி ஓங்கி நிற்க, கட்டடம் வாகன நிறுத்துமிடத்துக்கு அப்பால் தாழ்வாகவும் எளிமையாகவும் ஒதுங்கியிருக்கிறது. 1972-இல் வெளிவந்த அவர்களுடைய நூல் இதிலிருந்தே இரு வகைகளைப் பிரித்தது. எளிய கட்டடத்தின் மேல் பலகையையும் அலங்காரத்தையும் பொருத்துவது 'அலங்கரித்த கொட்டகை'. வடிவமே செய்தியாகிவிடுவது 'வாத்து'. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில் வாத்து விற்பதற்கென்று வாத்து உருவத்திலேயே கட்டிய கடையை ஒட்டி வந்த பெயர் இது.

சூதாட்டத்தின், விளம்பரத்தின் விழுமியங்களை இங்கே கேள்விக்குட்படுத்தவில்லை என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். ஆய்வின் முதற்படியாக மட்டுமே அதை நான் ஏற்கிறேன். ஸ்காட் பிரவுனும் அந்தப் படியோடு நின்றுவிடவில்லை. பிலடெல்பியாவின் சவுத் ஸ்ட்ரீட் கடைத்தெருவை அழித்துவிடக்கூடிய விரைவுச்சாலைத் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தபோது, அதே 1968-இல் அவர்களுக்காகத் திட்டமிடும் பணியில் இறங்கினார். அந்த விரைவுச்சாலை கடைசிவரை கட்டப்படவில்லை.