மீனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை மனித செல்லில் போட்டால் வேலை செய்யுமா? செல் வேகமாக வளருமா?

முதல் கேள்விக்கு: செய்யும், ஆனால் எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டாவதற்கு: வளராது.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ரோகு மீனின் மரபணுவோடு இதில் மாட்டிக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் செய்த முதல் தப்பு சோம்பேறித்தனம். துடுப்பில் ஒரு துண்டு வெட்டினால் டிஎன்ஏ கிடைத்துவிடும். அதிலிருந்தே மரபணுவை இன்ட்ரான்களோடு (ஆர்என்ஏவிலிருந்து செல் வெட்டி எறிய வேண்டிய இடைத் துண்டுகள்) பிசிஆரில் நகலெடுத்து, மரபணுவை ஓடவிடும் சுவிட்சான சிஎம்வி புரோமோட்டருக்குப் பின்னால் ஒட்டி, எச்இகே 293 என்ற மனித செல்களுக்குள் செலுத்தினோம். பக்கத்துத் தட்டில் கன்ட்ரோலாக வைத்த ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதம் பச்சையாக ஜொலித்தது. நம் தட்டில் புரதம் இருக்கிறதா என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமை.

ஆர்என்ஏ எடுத்துப் பார்த்தால், இருக்கிறது! ஆனால் ஜெல்லில் பட்டை, இன்ட்ரான் நீங்கியபின் இருக்க வேண்டிய 600 சொச்சம் எழுத்து நீளத்தில் நிற்காமல் அதற்கும் மேலே நின்றது. மரபணுவை ஏற்றிச் சென்ற டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டோம். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போட்டோம், ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டினோம். அந்தக் குழாயில் ஒன்றும் வரவில்லை. ஆக, மேலே நின்றது ஆர்என்ஏவேதான். இன்ட்ரான் வெட்டப்படாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மீன் இன்ட்ரானின் வெட்டுக் குறிகளை மனித செல் எல்லா நேரமும் சரியாகப் படித்துவிடாது. இந்த மரபணுவின் அமைப்பே மீனுக்கு மீன் மாறும்: கெண்டை இனத்தில் மனிதனைப் போலவே 5 எக்ஸான் (வெட்டாமல் வைத்துக்கொள்ளும் துண்டு), 4 இன்ட்ரான், சால்மன், டிரவுட்டில் 6 எக்ஸான், 5 இன்ட்ரான்.

அதனால் சிடிஎன்ஏவுக்கு, அதாவது இன்ட்ரான் நீங்கிய ஆர்என்ஏவிலிருந்து படியெடுத்த டிஎன்ஏவுக்கு, மாறினோம். அதற்கு இந்த ஆர்என்ஏ இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வேண்டும். விடிகாலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய், புதிதாக வெட்டிய ரோகுத் தலைகளின் மண்டையோட்டைச் சீவி, மூளையைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் வெண்மையான சின்ன உருண்டையை எடுத்து நேராகத் திரவ நைட்ரஜனில் போடுவோம். "தலைக் கறி வாங்குறவங்க இருக்காங்க, நீங்க என்ன சார் மூளைய மட்டும் தோண்டுறீங்க?" என்று மீன்காரம்மா சிரிப்பார். (இந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றித்தான் 1957ல் ஹீராலால் சௌத்ரி நம் கெண்டைகளை முட்டையிட வைத்தார்.)

சிடிஎன்ஏ போட்டதும் ஹார்மோன் வந்தது. 'வெளியே அனுப்பு' என்று சொல்லும் முனைத் துண்டான மீனின் சிக்னல் பெப்டைடை மனித செல் மதித்துப் புரதத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. அதனால் செல்லை உடைக்க வேண்டியதில்லை, செல் வளரும் திரவமான மீடியத்திலேயே தேடலாம். ஆனால் மீடியத்தில் கலக்கும் கன்றுக்குட்டிச் சீரத்தில் இருக்கும் ஆல்புமின் ஜெல்லையே வீங்க வைத்துவிடும், கன்றுக்குட்டியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனும் அதில் இருக்கும். கடைசி 48 மணி நேரம் சீரம் இல்லாத மீடியத்தில் வைத்த பிறகுதான் 22 கிலோடால்டன் அருகே நம்பும்படியான பட்டை தெரிந்தது.

இனி இரண்டாவது கேள்வி. மனித செல்லில் இந்த ஹார்மோனை வாங்கும் ஏற்பி, குரங்கு, மனித வகையறாவின் ஹார்மோனுக்குத்தான் கதவைத் திறக்கும். மீன் ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் அந்த செல்லுக்கு அது வெறும் சரக்குதான். எதிர்த்திசையில் கதவு அவ்வளவு இறுக்கமில்லை. மாட்டின் ஹார்மோனைச் செலுத்தினால் சால்மன் வளர்கிறது. எனவே உங்கள் புரதம் உயிர்ப்போடு இருக்கிறதா என்று பார்க்க மீனின் கல்லீரல் செல்லில் ஊற்றி, வளர்ச்சி ஹார்மோன் தூண்டிவிடும் ஐஜிஎஃப்-1 ஆர்என்ஏ கூடுகிறதா என்று அளக்க வேண்டும்.

மீனுக்குள்ளேயே போட்டு வெற்றி கண்டவர்களும் சிடிஎன்ஏவைத்தான் நம்பினார்கள். அமெரிக்கா 2015ல் அனுமதித்த, மரபணு மாற்றிய அக்வாட்வான்டேஜ் சால்மனில் இருப்பது சினூக் சால்மனின் சிடிஎன்ஏ. 2004ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ரோகு ஆய்விலும் ரோகுவின் சிடிஎன்ஏதான்.

நீங்கள் இப்போது ஆரம்பிப்பதாக இருந்தால் மண்டையோடு சீவ வேண்டாம். வரிசையைக் கொடுத்தால் சிடிஎன்ஏவைச் செயற்கையாகவே செய்து அனுப்பிவிடுகிறார்கள். கிராம் கணக்கில் ஹார்மோன் வேண்டுமென்றால் ஈ. கோலை பாக்டீரியாவே மலிவு, புரதம் கட்டியாக உறையும், கரைத்து மறுபடி மடிக்கிற தலைவலி மட்டும் உண்டு.