கோழி கூவுமுன் வாசலைத் தாண்டலாமா?

கதை எழுதுகிறவர்கள் அனுப்பும் கேள்விகளில், இந்த முறை மாயாஜால நாவல்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். அரசன், கோட்டை, டிராகன் எல்லாம் வந்தாயிற்று. ஊர் ஜனங்கள் மட்டும் அட்டை பொம்மைகளாக நிற்கிறார்கள். மூடநம்பிக்கைகளைப் பட்டியல் போட்டு அங்கங்கே தூவிப் பார்த்தேன், ஒட்டவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், கரூர்)

பதில்: பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். நம்பிக்கை பயத்திலிருந்தும் பிழைப்பிலிருந்தும் வருகிறது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு எது நின்றுபோனால் அடுப்பு எரியாது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மழையா, மாடா, கடலா? சடங்கு அதைச் சுற்றித்தான் முளைக்கும்.

இந்த விஷயத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் வோர்ம்ஸ் நகரத்து ஆயராக 1000 முதல் 1025 வரை இருந்த புர்க்கார்ட், திருச்சபைச் சட்டங்களை 20 புத்தகங்களாகத் தொகுத்தார். அதில் 19ஆவது புத்தகம் பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதை, கேட்கும் குருவுக்கானது. 'நீ இப்படிச் செய்தாயா, அப்படி நம்பினாயா' என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் வெறும் ரொட்டியும் தண்ணீரும் என்று தண்டனை. ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எழுதியவர்தான், கைவிரல் வரைக்கும் விவரமாகப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மழை பொய்த்த ஊரில் பெண்கள் செய்ததைப் பாருங்கள். சிறுமிகளைக் கூட்டி, அவர்களில் ஒருத்தியைத் தலைவியாக முன்னே நடத்திப் போகிறார்கள். ஹென்பேன் என்ற நச்சுச்செடி இருக்கும் இடத்துக்கு வந்ததும், அவள் அதை வலது கைச் சுண்டுவிரலால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதை அவளுடைய வலது கால் சுண்டுவிரலில் கட்டிவிட்டு, ஆற்றில் இறக்கி, மற்ற சிறுமிகள் கையில் உள்ள குச்சிகளால் அவள்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவள் நண்டு நடப்பதுபோலப் பின்பக்கமாகவே நடந்து வர வேண்டும். இதற்கு 20 நாள் தண்டனை. 'அவர்கள் மழைச் சடங்கு செய்தார்கள்' என்று நீங்கள் எழுதியிருந்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார். அந்தச் சுண்டுவிரலை எழுதினால் நிற்பார். பின்பக்கமாக நடக்கிற பிள்ளை தடுக்கி விழுந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தீர்களானால் அடுத்த அத்தியாயமும் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வீட்டுப் பக்கத்தில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்ப்பாராம். அடியில் புழுவோ ஈயோ எறும்போ, அசைகிற ஏதாவது ஒன்று இருந்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். ஒன்றுமே அசையவில்லை என்றால் அவ்வளவுதான். வெளியூரிலிருந்து ஓடி வந்த மகன் வாசலில் குனிந்து கல்லைப் புரட்டுகிறான், ஜன்னல் வழியாகத் தாய் அவன் முகத்தைப் பார்க்கிறாள். மருத்துவர் நாடி பிடிக்கிற காட்சியெல்லாம் இதன் பக்கத்தில் வர முடியாது.

கோழி கூவுவதற்கு முன் வெளியே கால் வைக்கப் பயந்தவர்களையும் புர்க்கார்ட் கண்டிக்கிறார். விடிவதற்கு முன் கெட்ட ஆவிகளுக்குப் பலம் அதிகம், சேவல் சத்தம்தான் அவற்றை விரட்டும் என்று நம்பியிருக்கிறார்கள். உங்கள் நாவலில் நள்ளிரவில் ஓலையோடு கிளம்ப வேண்டிய தூதன் இருப்பானே, அவனுக்கு வாயிற்காவலன் கதவைத் திறக்க மறுக்கட்டும். சேவல் எப்போது கூவும் என்று ஒரு ராஜ்ஜியமே காத்திருக்கட்டும்.

கேள்வி: என் நாயகி கிராமத்துக்குள் நுழையும் நாள் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கறுப்புப் பூனையும் குறுக்கே போகிறது. சரிதானே? (வாசகி, மதுரை)

பதில்: 13ஆம் தேதி வெள்ளியை எடுத்துவிடுங்கள். டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படைவீரர்களைப் பிரான்ஸில் கைது செய்தது 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை என்பது உண்மை. ஆனால் அதனால்தான் அந்த நாள் கெட்ட நாளானது என்பது நம் காலத்துக் கதை. பூனைக்குப் பதில் காகத்தை வையுங்கள். பயணம் போகும்போது காகம் இடமிருந்து வலமாகக் கரைந்துகொண்டு போனால் வழி நல்லபடியாக அமையும் என்று புர்க்கார்டின் ஜனங்கள் நம்பினார்கள். இருட்டுகிற நேரத்தில் தங்க இடம் கிடைக்குமா என்று கவலைப்படும்போது, எலி பிடிக்கும் பறவை ஒன்று பாதையின் குறுக்கே பறந்தால் அதுவும் நல்ல சகுனம். கால் வலிக்க நடப்பவரின் கவலை அதில் இருக்கிறது. உங்கள் நாயகியும் நடந்துதானே வருகிறாள்?

கேள்வி: நாட்டார் சடங்குகளை ஒழிக்கிற மதகுருவை வில்லனாக்கியிருக்கிறேன். இரு தரப்பும் எப்போதும் பகைதானே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: எப்போதும் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில ஏடு ஒன்றில், விளைச்சல் கெட்டுப்போன வயலுக்கான பரிகாரம் இருக்கிறது. விடியுமுன் வயலின் நான்கு பக்கத்திலிருந்தும் நான்கு புல்கட்டிகளை வெட்டி எடுக்க வேண்டும். எண்ணெய், தேன், ஈஸ்ட், அந்த நிலத்தில் மேயும் ஒவ்வொரு மாட்டின் பால் எல்லாவற்றையும் கலந்து, புனித நீரும் சேர்த்து அவற்றின் அடியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அப்புறம் தேவாலயத்துக்குத் தூக்கிப்போய், பச்சைப் பக்கம் பீடத்தைப் பார்க்கும்படி வைக்க, குரு நான்கு பூசை வைக்கிறார். பொழுது சாய்வதற்குள் கட்டிகள் பழைய இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். பிறகு ஏர் பூட்டும்போது 'பூமித் தாயே' என்று பாட்டு. பீடமும் பூமித்தாயும் ஒரே சடங்கில், ஒரே நாளில்.

அதில் ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது. விதையைப் பிச்சைக்காரர்களிடமிருந்து வாங்க வேண்டும், அவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்க வாசலில் விரட்டப்படுகிறவனைத் தேடி, ஏர் பூட்டுகிற நாளில் நிலக்காரன் போகிறான்! அந்த ஒரு நாளுக்காகத் தானியத்தை முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் கிழவன் ஒருவனை எழுதுங்கள். அவன் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும்?

பிப்ரவரி 2ஆம் தேதி தேவாலயத்தில் மந்திரித்த மெழுகுவர்த்தியை வீட்டில் பத்திரப்படுத்தி, இடி இடிக்கும்போது ஏற்றுவார்கள். ஊருக்கும் குருவுக்கும் இப்படி எத்தனையோ பொதுவான விஷயங்கள் இருந்தன.

பகை வந்த இடமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் லியோன் நகரப் பக்கம் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போன டொமினிக்கன் சபைத் துறவி, பூர்போனின் எத்தியேன், பெண்கள் 'புனித கினஃபோர்' என்று கும்பிடுவது ஒரு வேட்டைநாயை என்று அறிந்து திகைத்துப்போனார். குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய நாயை, குழந்தையைக் கடித்ததாக நினைத்து எஜமானன் வெட்டிவிட்டானாம். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கீரியைக் கொன்ற பெண் வருகிறாளே, அதே கதைதான் நாயாக மாறி அங்கே நிற்கிறது. நோஞ்சான் பிள்ளைகளைத் தாய்மார் அந்த இடத்துக்குத் தூக்கி வந்து, துணிகளைப் புதரில் தொங்கவிட்டு, இரண்டு மரங்களின் நடுவே ஒன்பது முறை கைமாற்றுவார்கள். துறவி நாயின் எலும்பைத் தோண்டி எரித்தார், மரங்களை வெட்டினார். 19ஆம் நூற்றாண்டிலும் தாய்மார் அங்கே வந்துகொண்டுதான் இருந்தார்கள். உங்கள் மதகுருவை வில்லனாக்காமல், பிள்ளைகளின் உயிருக்காகக் கவலைப்படுகிறவராகவே எழுதுங்கள். மோதல் இன்னும் கனமாகும்.

கேள்வி: பாத்திரங்கள் தங்கள் நம்பிக்கையை எப்படி வாசகருக்கு விளக்குவது? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: விளக்கவே வேண்டாம். கிளம்பும்போது யாராவது 'எங்கே போறீங்க' என்று கேட்டுவிட்டால், என் பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி எழுந்திருப்பார். காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டவர் முகம்தான் சுருங்கிப்போகும். அந்த உட்கார்ந்து எழுந்திருப்பதும், சுருங்கிய முகமும் போதும்.

கேள்வி: மாயாஜாலக் கதையில் இந்தப் பரிகாரங்கள் பலிக்க வேண்டுமா, கூடாதா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 10ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவ ஏடு ஒன்றில் கண்கட்டிக்கு ஒரு மருந்து இருக்கிறது. பூண்டும் வெங்காய இனத்துத் தாளும் சம அளவு இடித்து, திராட்சை ரசமும் காளையின் பித்தநீரும் கலந்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்து, துணியில் வடிகட்டிக் கொம்பில் ஊற்றி, ராத்திரியில் இறகால் கண்ணில் தடவ வேண்டும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இதை அப்படியே செய்து, 2015இல் முடிவை அறிவித்தார்கள். சாதாரண மருந்துக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியைச் சோதனைச்சாலையில் அது கொன்றது.

அதே ஏட்டிலேயே எல்ஃப் என்ற மாயப் பிறவி பிடித்த நோய்க்கும் வழி இருக்கிறது. வியாழன் மாலை சூரியன் மறையும்போது மூலிகைச் செடியிடம் போய், ஜெபம் சொல்லி, கத்தியை அதில் குத்தி அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். இரவும் பகலும் பிரிகிற வேளையில் மறுபடி போக வேண்டும். வழியில் பயங்கரமான எது எதிரே வந்தாலும், மனிதனே வந்து பேசினாலும், செடியை அடையும் வரை வாய் திறக்கக் கூடாது.

ஆக, இரண்டையும் ஒரே வைத்தியர் ஒரே அக்கறையோடு செய்திருக்கலாம். உங்கள் நாட்டு வைத்தியச்சியும் அப்படியே செய்யட்டும். சிலது பலிக்கட்டும், சிலது பலிக்க வேண்டாம். எது எதனால் பலித்தது என்பது அவளுக்கும் தெரிய வேண்டாம், உங்கள் வாசகருக்கும் தெரிய வேண்டாம்.