பாலில்லாத சாக்லேட் மின்ட் மிட்டாய்: புதிதாக வந்தவர் கேட்ட கேள்விக்குப் பதில்

வேலையிடத்தில் உடன் பணியாற்றும் இருவர் வீகன் என்றும், ஆண்டிறுதி விருந்துக்கு எல்லோரும் கையால் செய்த இனிப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்றும், அறைத் தோழர்களுடன் பகிரும் சிறிய சமையலறையில் அச்சோ வெப்பமானியோ இல்லாமல் சாக்லேட் மின்ட் மிட்டாய் செய்ய இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இயலும். வெளிநாட்டில் குடியேறிய பிறகு நான் கற்றுக்கொண்ட சமையலில், அடுப்பைவிடப் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசிப்பதற்கே அதிகக் கவனம் தேவைப்படுவது இந்த மிட்டாய்க்குத்தான்.

சைவ உணவுக்காரராக வளர்ந்தவருக்கு இறைச்சி, முட்டை, ஜெலட்டின் ஆகியவற்றைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இருக்கும். ஆனால் வீகன் உணவில் பால், வெண்ணெய், நெய், தேன் எதுவும் இருக்கக் கூடாது. கறுப்புச் சாக்லேட் என்றாலே பால் இராது என்று நம்பிவிடாதீர்கள். பால் கொழுப்பு, பால் பொடி, லாக்டோஸ் என்று ஏதேனும் ஒன்று அதன் சேர்மானப் பட்டியலின் நடுவில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். கொக்கோ வெண்ணெயோ கொக்கோ விதையின் கொழுப்புதான்; அதைக் கண்டு தயங்க வேண்டாம். ஐசிங் சர்க்கரையிலும் சில வகைகளில் முட்டை வெள்ளைப் பொடி கலந்திருப்பதால், சர்க்கரையும் மாவுச்சத்தும் மட்டுமே உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மேலே தூவ வண்ண மணிகள் வாங்கினால் 120, 901, 904 ஆகிய சேர்மான எண்களைக் கவனியுங்கள். முதலாவது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், அடுத்தது தேன்மெழுகு, மூன்றாவது அரக்கு. சில நாடுகளில் கரும்புச் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரியைப் பயன்படுத்துவதால், கண்டிப்பானவர்கள் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைத்தான் விரும்புவார்கள். உங்கள் நண்பர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவதில் கூச்சம் வேண்டாம். இப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளீட்டுக்கு 250 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சலித்து, அதில் ஒரு மேசைக்கரண்டி மணமற்ற தேங்காய் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி குளுக்கோஸ் பாகு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசறி, கெட்டியான தாவரப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையுங்கள். ஒரு மேசைக்கரண்டி பாலுக்கே மாவு சேர்ந்துவரத் தொடங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் குழம்பாகிவிடும். பெப்பர்மின்ட் எசன்ஸ் என்றால் ஒரு தேக்கரண்டி வரை போடலாம். அதே மூலிகையின் எண்ணெய் என்றால், உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்கி, இரண்டு சொட்டில் தொடங்கிச் சுவைத்துப் பாருங்கள், ஏனெனில் அது எசன்ஸைவிடப் பல மடங்கு காரமானது. அதிலுள்ள மென்தால் நாவில் குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுவதால்தான் வாய் சில்லென்று ஆகிறது. அளவு மிஞ்சினால் அதுவே எரிச்சலாகிப் பற்பசையை நினைவூட்டும். பச்சைப் புதினா இலையை அரைத்துச் சேர்க்கும் யோசனையை நான் ஏற்கமாட்டேன். அதன் ஈரம் உள்ளீட்டை இளக்குவதோடு, மிட்டாயை விரைவில் கெடுத்தும்விடும். பிசைந்ததைச் சிறு உருண்டைகளாக்கித் தட்டி, தாளின் மேல் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிட்டால் அச்சே தேவையில்லை. சுமார் முப்பது வில்லைகள் கிடைக்கும்.

மேல்பூச்சுதான் நிதானத்தைக் கேட்கும் கட்டம். கொக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகை மட்டுமே பளபளப்பையும், கடிக்கும்போது 'டக்'கென்று முறியும் தன்மையையும் தருகிறது. உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் மற்ற வகைகள் கலந்து, மேலே சாம்பல் நிறத் திட்டுகள் படிந்து, விரல் பட்டாலே ஒட்டும். ஆகவே 200 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மைக்ரோவேவில் குறைந்த சக்தியில் இருபது இருபது விநாடிகளாக, ஒவ்வொரு முறையும் கிளறிக்கொண்டே உருக்குங்கள். மீதிப் பங்கை அதில் போட்டு, முழுதும் கரைந்து வெப்பம் 31 அல்லது 32 பாகை செல்சியஸுக்கு இறங்கும் வரை கிளறிக்கொண்டிருங்கள். நாம் சேர்த்த உருகாத துண்டுகளில் உள்ள நல்ல படிகங்கள் மற்றவற்றையும் தம் வழிக்கு இழுத்துக்கொள்ளும். வெப்பமானி இல்லாதவர் கீழுதட்டில் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம். அந்த வெப்பம் உடல் வெப்பத்தைவிடக் குறைவாதலால் இலேசான குளிர்ச்சி தெரியும். கத்தி முனையில் தடவியது ஐந்தாறு நிமிடத்தில் பளபளவென்று இறுகினால் பக்குவம் சரி. குளிர்நாட்டுச் சமையலறையின் குளுமை இந்த ஒரு வேலைக்கு மட்டும் வரப்பிரசாதம்.

உருகிய சாக்லேட்டில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது கட்டிதட்டி மணல்போல் ஆகிவிடும் என்பதால், கிண்ணமும் கரண்டியும் ஈரமின்றி இருக்கட்டும். கொக்கோக் கொழுப்பு அண்டையிலுள்ள மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பகிரும் சமையலறையில் வெங்காயம் நறுக்கிய பலகையைத் தொடவே வேண்டாம். வில்லைகளை உறைபெட்டியில் வைத்து எடுத்து முக்குவதும் கூடாது: மேலே நீர் பனிக்கும், உள்ளீடு சூடேறி விரியும்போது பூச்சு வெடிக்கும். அறை வெப்பத்திலேயே முள்கரண்டியில் ஏந்தி முக்கி, உபரியை வழித்துவிட்டுத் தாளில் வையுங்கள். பக்குவப்படுத்துவது கைவராதவர்கள் சாக்லேட்டில் சிறிது தேங்காய் எண்ணெய் கலந்து குளிர்பெட்டியில் இறுக்குவதுண்டு. சுவை கெடாது, ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே உருகுவதால் வெப்பமூட்டிய விருந்துக்கூடத்தில் அது கையில் பிசுபிசுக்கும்.

இறுகியவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில், மற்றச் சாக்லேட்டுகளோடு சேர்க்காமல், குளுமையான இடத்தில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். மூடியின் மேல் சேர்மானங்கள் அனைத்தையும், எந்தத் தாவரப் பால் என்பது உட்பட, எழுதி ஒட்டுங்கள். பாதாமும் சோயாவும் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. சாக்லேட் உறையில் 'பால் கலந்திருக்க வாய்ப்புண்டு' என்ற எச்சரிக்கை இருந்தால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். அது வேறு பொருள் செய்யும் இயந்திரத்திலிருந்து ஒட்டியிருக்கக்கூடிய பாலைக் குறிப்பதால் வீகன்களில் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பால் ஒவ்வாமை உள்ளவர் அந்த மிட்டாயைத் தொடவே கூடாது.