குடும்ப நோய் விவரம் தெரியாதவர்கள் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

கேள்வி: எனக்கு 36 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தத்தெடுக்கப்பட்டவள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டால், வளர்த்த அம்மாவுக்கு இருப்பதைச் சொல்வதா, இல்லை என்று சொல்லிவிடுவதா? இப்போது குழந்தை பெற்றுக்கொள்ளவும் திட்டமிட்டிருக்கிறோம்.

பதில்: இரண்டும் வேண்டாம். "தத்தெடுக்கப்பட்டவள், பெற்றவர்களின் நோய் விவரம் தெரியாது" என்று சொல்லி, அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வளர்த்த அம்மாவின் சர்க்கரை நோய், நீங்கள் இருவரும் உண்டு வளர்ந்த சமையலைப் பற்றி ஏதேனும் சொல்லலாமே தவிர, உங்கள் மரபணுவைப் பற்றி எதுவும் சொல்லாது. 'இல்லை' என்ற பதிலோ அதைவிட ஆபத்தானது.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய நீரிழிவு அபாய மதிப்பெண் முறையையே பாருங்கள். உங்கள் வயதுக்கு 20, உடற்பயிற்சியின்றி உட்கார்ந்தே வேலை செய்தால் 30, இடுப்பளவு 80 செ.மீ.க்குக் குறைவென்றால் 0. ஆக மொத்தம் 50, நடுத்தர அபாயம். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20 கூடும். 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். தெரியாத ஒன்றுக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) இரண்டையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கொழுப்புப் பரிசோதனையும் அவசியம்: எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 190-க்கு மேல் இருந்தால், குடும்ப விவரம் தெரியாவிட்டாலும் பரம்பரைக் கொழுப்பு நோயா என்று மருத்துவர் ஆராய வேண்டும்.

கருத்தரிக்கும் முன் தலசீமியா, அரிவாள் செல் ஆகிய பரம்பரை ரத்த நோய்களுக்கான எச்பிஎல்சி ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். நீங்களும் கணவரும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. வீட்டுக்கே வரவழைக்கும் மரபணுப் பரிசோதனைப் பெட்டிகளை இதற்கு நம்ப வேண்டாம். அவற்றில் பல, தேர்ந்தெடுத்த சில மரபணு மாற்றங்களை மட்டுமே தேடுகின்றன. மரபணு ஆலோசகரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

18 வயது நிறைந்தவர் என்பதால், தத்தெடுப்பு விதிமுறைகளின்படி உங்கள் பூர்வீகத்தைத் தேட நீங்களே விண்ணப்பிக்கலாம். தத்துக் கொடுத்த நிறுவனத்தையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ அணுகுங்கள். பெற்ற தாய் தன் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவர் சம்மதம் வேண்டும். கோப்பு கிடைத்தாலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்: இளம் வயதில் குழந்தையை ஒப்படைத்த பெண்ணுக்கு நாற்பதுகளில் வந்த சர்க்கரை நோயோ மார்பகப் புற்றுநோயோ அதில் பதிவாகியிருக்காது. பெற்றவர்களோடு தொடர்பு கிடைத்தால், என்ன நோய் என்பதோடு அது எந்த வயதில் வந்தது என்பதையும் தவறாமல் கேளுங்கள். பரிசோதனைகளை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் பெரும்பாலும் அந்த வயதைக் கொண்டே தீர்மானிப்பார்.