கம்போங் ஆயர் – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் பயணக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் போன மாதம் புரூணையில் ஆற்றுநீரில் கால் ஊன்றி நிற்கும் கம்போங் ஆயருக்குப் போனேன். ஏமாற்றம்தான். மரக்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட், மேலே தகரக் கூரை, சுவரெல்லாம் ஏசி. இதைப் போய் பாரம்பரியம் என்பதா? பழையபடியே காப்பாற்றியிருக்க வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

பழையபடி என்றால் எந்தப் பழையபடி? (கம்போங் என்றால் மலாயில் கிராமம், மலேசியத் தமிழர் பேச்சில் அது கம்பம். ஆயர் என்றால் மலாயில் தண்ணீர். தண்ணீர்க் கம்பம்!) அந்த வீடுகள் முதலில் நின்றது நிபோங் பனையின் மேல். உப்புத்தண்ணீரைத் தாங்கும் மரம்தான், ஆனாலும் ஒருநாள் இற்றுப்போகும். அப்புறம் பூலியான் என்கிற இரும்புமரம் வந்தது, பிறகு கான்கிரீட். 1521இல் மகெல்லனின் கப்பல்களோடு வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா, அரசனும் சில பெரிய மனிதர்களும் தவிர ஊரே உப்புநீரில் குடியிருக்கிறது, 25,000 குடும்பம் என்று எழுதினார். அந்தக் கணக்கை நான் அப்படியே நம்புவதில்லை, அது கப்பலில் வந்தவர் போட்ட கணக்கு. அவர் பார்த்த கால் ஒன்றுகூட இன்றைக்கு இருக்காது. ஊர் இருக்கிறது.

மர வீடுகள் நெருக்கி நிற்கிற இடத்தில் ஒரு அடுப்பு தவறினால் வரிசையே போய்விடும். அப்படிப் பல தீ பார்த்தவர்களிடம் போய் ‘மரத்திலேயே இருங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஏசி விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பலகை இடுக்கு வழியாகக் கீழிருந்து ஆற்றுக்காற்று ஏறும். உட்கார்ந்தால் உள்ளங்காலில் தெரியும். ஏசி போட்டவர் முதலில் அந்த இடுக்கைத்தான் அடைப்பார்.

எனக்கு உறுத்தியது வேறு. நீர் ஏறும் நேரத்தில் பெண்கள் படகில் வந்து சாமான் விற்பதையும் பிகாஃபெட்டா எழுதியிருக்கிறார். படியான் என்று அவர்களுக்குப் பெயர். குடை அகலத்துக்கு ஓலைத்தொப்பி வைத்துக்கொண்டு படிக்கட்டு ஓரமாகப் படகை அணைப்பார்கள். போன நூற்றாண்டிலும் இருந்தார்கள், இன்று படத்தில்தான் பார்க்கலாம். பாண்டாய் பெசி என்றொரு பகுதி, கொல்லர் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலைச்சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. 1906இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல பிரிட்டன் அமர்த்திய அதிகாரி) வந்த காலத்திலிருந்தே ‘கரைக்கு வாருங்கள்’ என்ற அழைப்பு உண்டு. அப்புறம் எண்ணெய் கிடைத்தது, வேலையும் கரைக்குப் போனது.

நீங்கள் நீர் வற்றும் நேரத்தில் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். மீன்முள்ளும் இலையும் கொட்டிய காலத்தில் ஏற்றவற்றமே ஊரைக் கழுவிவிட்டது. நெகிழிப்பை அப்படிப் போவதில்லை, வீட்டின் காலைச் சுற்றிக்கொண்டு சேற்றில் நிற்கிறது. கான்கிரீட்டைவிட அதுதான் எனக்குக் கண்ணில் குத்தியது.

சரி, அடுத்த முறை விடிந்ததும் படகுத்துறைக்குப் போய் நில்லுங்கள். சொங்கோக் என்கிற மலாய்த் தொப்பியோடு ஒருவர் படகிலிருந்து இறங்கி, கரையில் நிறுத்தியிருக்கும் தன் காரில் அலுவலகம் போவார். சாயங்காலம் அதே துறையில் வீட்டுக்குப் போகப் படகைக் கைகாட்டி நிறுத்துவார்.