பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள்

அன்புள்ள ஐயா,

லூக்கா 17-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் எனக்குப் பல ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், மற்றவன் கைவிடப்படுவான் என்று இயேசு சொல்கிறார். சீஷர்கள் "எங்கே, ஆண்டவரே" என்று கேட்கிறார்கள். "பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள் வந்து கூடும்" என்று பதில் வருகிறது. இது எப்படி அந்தக் கேள்விக்குப் பதிலாகும்? கழுகு யார், பிணம் யார்? கழுகு ரோமப் படை என்று ஒருவர் சொன்னார். விசுவாசிகள் என்றார் இன்னொருவர். அண்மையில் ஒரு பிரசங்கியார், வெள்ளத்தில் பலர் மாண்டுபோன ஓர் ஊரைக் குறிப்பிட்டு, "பிணம் கிடந்த இடத்தில்தான் நியாயத்தீர்ப்பு இறங்கியிருக்கிறது" என்று இதே வசனத்தைச் சொல்லிப் பேசினார். கேட்டுவிட்டு இரண்டு நாள் மனசே சரியில்லை. இந்த வசனத்தை எப்படி வாசிப்பது?

த.

அன்புள்ள த. அவர்களுக்கு,

முதலில் அந்தப் பறவையைப் பார்த்துவிடலாம். கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'அயெதோஸ்'. பொதுவாக அதற்கு இரையைக் கொன்று தின்னும் கழுகு என்று பொருள். பிணந்தின்னிக்குக் கிரேக்கத்தில் 'கிப்ஸ்' என்று வேறு சொல் உண்டு. அப்படியிருக்க ஏன் 'அயெதோஸ்' வந்தது என்று கேட்டால், எபிரெயத்துக்குப் போக வேண்டும். பழைய ஏற்பாட்டின் 'நெஷெர்' என்ற சொல்லை, அதன் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் திருப்புதல் பல இடங்களில் 'அயெதோஸ்' என்றே கிரேக்கத்தில் தருகிறது. அந்த 'நெஷெர்' எது என்பதற்கு மீகா 1:16 துப்புக் கொடுக்கிறது: தலையைச் சிரைத்துக்கொள், கழுகைப்போல முழுமொட்டையாயிரு. கொன்று தின்னும் கழுகுக்குத் தலை நிறைய இறகு உண்டு. மொட்டைத் தலை பிணந்தின்னிக்குத்தான். கலிலேயாக் கடலுக்குக் கிழக்கே, காம்லாவின் செங்குத்துப் பாறைகளில் கூடுகட்டும் பெரிய பாறு (பிணந்தின்னிக் கழுகு) அது. சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர் வரும்.

இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நம் 'கழுகு' இரண்டு பறவையையும் தாங்கும். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்கு இறங்கிப் பொங்கல் தின்றதாக நாம் கேட்டிருக்கும் கழுகுகளும் பாறு இனம்தான். சங்கப் பாடல்கள் பாறு, எருவை என்று பிரித்துச் சொன்னதைப் பிற்காலத்தில் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டோம். ஆகவே தமிழில் இந்த வசனத்தைக் கேட்பவருக்கு, 'கழுகு எப்படிப் பிணத்துக்கு வரும்' என்ற தடையே எழுவதில்லை.

ஆனால் அந்தக் காட்சி நம்மிடமிருந்து போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து செத்த மாட்டின் வழியே பாறுகளையும் கொன்றது. கால்நடைக்கு அதைப் பயன்படுத்த இந்தியா 2006-இல் தடை விதித்தபோது பெரும்பகுதி அழிந்திருந்தது. இன்று தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். வசனம் நமக்குப் புதிராகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இயேசுவின் முன் நின்றவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. வெயில் ஏறி, தரையிலிருந்து சூடான காற்று எழும்பியதும் பாறு மேலே போகும். பெரிய பாறு மோப்பம் பிடித்து வருவதில்லை, கண்ணால் தேடுகிறது. கீழே ஓர் ஆடு செத்துக் கிடப்பதை ஒன்று பார்த்துத் தாழ இறங்கினால், தொலைவில் வட்டமிடும் இன்னொன்று அந்த இறக்கத்தைப் பார்க்கும். அதைப் பார்த்து மூன்றாவது வரும். சற்று நேரத்தில் வெறும் வானத்தில் ஒரு சுழல் நிற்கும். மேய்ப்பனிடம் வந்து யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். தலையை நிமிர்த்தினாலே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

இயேசு இதைப் புதிதாகவும் சொல்லவில்லை. யோபு 39-இல் கர்த்தர் இந்தப் பறவையைப் பற்றிப் பேசி முடிக்கும் இடத்தைப் பாருங்கள். "பிணம் எங்கேயோ அங்கே கழுகு சேரும்" என்று நம் பழைய திருப்புதலில் ஏறத்தாழ அதே வார்த்தைகளில் இருக்கிறது. ஊரறிந்த பழமொழி அது. பழமொழியை விளக்கும்போது அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் ஆள் தேடுவதில்லை. 'நெருப்பில்லாமல் புகையாது' என்று ஒருவர் சொன்னால், நெருப்பு யார், புகை யார் என்று நாம் கேட்பதில்லை. இதற்கு அது தவறாமல் பின்தொடரும் என்ற உறவு மட்டும்தான் அங்கே பேச்சு. மத்தேயு 24:43-இல் தம் வருகைக்குத் திருடன் வருவதை இயேசு உவமையாக்குகிறார். அதனால் அவர் திருடன் என்று யாரும் சொல்லவில்லையே. "கழுகு யார், பிணம் யார்" என்று நீங்கள் கேட்ட இடத்திலேயே வாசிப்பு வழி மாறிவிடுகிறது. அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடுத்து, வசனம் நிற்கும் இடம். இரண்டு சுவிசேஷங்களில் அது இரண்டு இடங்களில் நிற்கிறது, வேலையும் வேறு.

மத்தேயுவில் (24:28) அதற்கு முன்னால் வருவது மின்னல். அதோ வனாந்தரத்தில் இருக்கிறார் என்றால் புறப்படாதிருங்கள், இதோ அறைவீட்டிற்குள் இருக்கிறார் என்றால் நம்பாதிருங்கள், கிழக்கிலிருந்து மேற்குவரை அடிக்கும் மின்னலைப்போல மனுஷகுமாரனுடைய வருகை இருக்கும். உடனே கழுகு. பொருள் நேரடியானது: வானத்துச் சுழலை யாரும் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மட்டும் இடம் தெரியும், என் பின்னால் வா என்பவனை நம்பாதே.

லூக்காவில்தான் நீங்கள் கேட்ட சிக்கல். அந்தப் பேச்சு 17:20-இல் பரிசேயரின் "எப்பொழுது வரும்" என்ற கேள்வியோடு தொடங்கி, 37-இல் சீஷரின் "எங்கே" என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இயேசு காட்டுவதைப் பாருங்கள். ஒரே படுக்கையில் இருவர். ஒரே திருகையில் இரண்டு பெண்கள். 36-ஆம் வசனத்தில் வரும், வயலில் இருக்கும் இருவர் மட்டும் பாப்பிரஸ் 75, வத்திக்கான், சினாய் ஆகிய பழைய பிரதிகளில் இல்லை. மத்தேயுவிலிருந்து பிற்காலத்தில் இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தத் திருகையருகே சற்று நில்லுங்கள். அடிக்கல் அசையாது. மேல்கல்லில் ஒரு மரப்பிடி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, இவள் அரைவட்டம் தள்ள, அவள் வாங்கி மறு அரைவட்டம் தள்ளுவாள். ஒருத்தி குழியில் தானியம் போடுவாள். முழங்கால் முழங்காலைத் தொடும் நெருக்கம். ஒரே கல், ஒரே மாவு, ஒரே பிடியில் இரண்டு கை. அதில் ஒரு கை இல்லாமல் போகிறது. இடத்தைக் கொண்டு இந்த இருவரையும் எப்படிப் பிரிப்பீர்கள்? இருவருக்கும் இடம் ஒன்றுதானே! இதைக் கேட்ட பிறகும் சீஷர்கள் "எங்கே" என்கிறார்கள். இயேசு அந்த "எங்கே"யையே எடுத்து, "எங்கேயோ அங்கே" என்று திருப்பித் தருகிறார். கழுகுக்கு ஊர் கிடையாது. செத்தது எதுவோ அதை நோக்கி வருகிறது. நியாயத்தீர்ப்புக்கும் வரைபடம் இல்லை, அது மனிதரின் நிலையைத் தேடி வருகிறது என்பதே அவர் தரும் பதில். 21-ஆம் வசனத்தில் "இதோ இங்கே, அதோ அங்கே" என்ற பேச்சையே அவர் தள்ளிவிட்டதோடு இது சரியாகப் பொருந்துகிறது.

ஏற்றுக்கொள்ளப்பட்டவன் தப்பினானா, மாட்டினானா என்பதில் ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல் இருக்கிறது. நம் பழைய திருப்புதல் "ஏற்றுக்கொள்ளப்படுவான், கைவிடப்படுவான்" என்று முடிவே செய்துவிடுகிறது. திருவிவிலியம் "எடுத்துக்கொள்ளப்படுவார், விட்டுவிடப்படுவார்" என்று திறந்து வைக்கிறது. மூலத்துக்கு இதுவே நெருக்கம். 'பாரலம்பானோ' என்றால் கூட்டிக்கொண்டு போவது. யோவான் 14:3-இல் இயேசு சீஷர்களைத் தம்மிடம் சேர்த்துக்கொள்வதும் அந்தச் சொல்தான், மத்தேயு 27:27-இல் போர்ச்சேவகர் அவரைத் தேசாதிபதியின் அரமனைக்குள் கொண்டுபோவதும் அதே சொல்தான். உதாரணங்களும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. மத்தேயுவில் நோவாவின் வெள்ளம் "அனைவரையும் வாரிக்கொண்டு" போகிறது, அங்கே மீந்தவனே பிழைத்தவன். லூக்கா நோவாவோடு லோத்தையும் சேர்க்கிறார். சோதோமை விட்டுக் கிளம்பியவன் பிழைத்தான், தங்கினவர்கள் அழிந்தார்கள். "லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்ற வசனம் இதற்கு ஒட்டியே வருவதால், லூக்காவில் விடப்பட்டவர்கள்மேல்தான் கழுகு இறங்குகிறது என்று வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மத்தேயுவில் நோவா மட்டும் இருப்பதால் அவ்வளவு துணிந்து சொல்ல மாட்டேன்.

இனி நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு விளக்கங்கள். ரோமப் படைக்கொடியின் உச்சியில் கழுகுச் சின்னம் இருந்தது உண்மை. 70-ஆம் ஆண்டு எருசலேம் ஆலயம் எரிந்தபோது வீரர்கள் கொடிகளைக் கொண்டுவந்து கிழக்கு வாசலுக்கு எதிரே நட்டுப் பலியிட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அதைக் கண்ட தலைமுறை மத்தேயுவின் வசனத்தைக் கேட்டபோது திடுக்கிட்டிருக்கும். ஓசியா 8:1-லும் ஆபகூக் 1:8-லும் படையெடுப்பு கழுகாகவே வருகிறது. ஆனால் எருசலேமைச் சேனை சூழ்வதை லூக்கா 21-ஆம் அதிகாரத்தில் தனியே, வெளிப்படையாகச் சொல்கிறார். அங்கே இந்தப் பழமொழி இல்லை. ஆகவே இதைப் பழமொழியின் ஓர் எதிரொலி என்று கொள்ளலாம், முதற்பொருள் என்று கொள்ள முடியாது.

கழுகுகள் விசுவாசிகள் என்பது சபைப் பிதாக்களின் வாசிப்பு. சீர்திருத்தக்காரர் கால்வினும் பிற்காலத்தில் அதற்கு நெருங்கி வருகிறார். அதற்கு ஒரு பிடி மூலத்திலேயே இருக்கிறது. மத்தேயு பிணத்துக்கு 'ப்தோமா' என்கிறார், விழுந்து கிடக்கும் சடலம். லூக்காவின் சொல் 'ஸோமா', உடல். "இது என்னுடைய சரீரம்" என்று லூக்கா 22:19-இல் வருவதும் 'ஸோமா'. பழைய திருப்புதல் இரண்டு சுவிசேஷத்திலும் 'பிணம்' என்றே போடுவதால் தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது. நற்கருணை கழுகுகளின் பந்தி, தாழப் பறக்கும் பறவைகளுக்கு அல்ல என்று அந்தப் பிதாக்களில் ஒருவரான கிறிசோஸ்தோம் பிரசங்கித்ததும் இந்த வாசிப்பின் வழியில்தான்; ஆனால் அவர் எடுத்துக்கொண்டது மத்தேயுவின் 'ப்தோமா'வை. அழகான தியானம், திருவிருந்தில் நிற்பவருக்கு உதவும். ஆனால் வெள்ளமும் கந்தகமும் பேசிவிட்டு வரும் பேச்சின் முடிவில் சீஷர்கள் காதில் அது விழுந்திருக்காது.

கடைசியாக அந்தப் பிரசங்கம். அதைக் கேட்டு நீங்கள் வருந்தியது நியாயமானது. பழமொழியை அவர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். பிணத்தைக் காட்டித் தீர்ப்பின் இடத்தைக் குறிப்பது, "இதோ இங்கே" என்று சொல்வதேதான். அதையும் இயேசுவின் வாயில் வைத்தே சொல்வது பெரிய தவறு. அவரிடம் இதே விஷயத்தை நேராகவே கொண்டுவந்தார்கள், லூக்கா 13:1-5-இல். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சொன்னபோது, சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் அவரே சேர்த்துக்கொண்டு, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டார். "அப்படியல்ல" என்றார். பிறகு விரலைக் கேட்டவர்கள் பக்கம் திருப்பினார்: நீங்கள் மனந்திரும்பாவிட்டால். செத்தவர்களைப் பற்றி உயிரோடிருப்பவர் தீர்ப்புச் சொல்ல அவர் இடமே விடவில்லை. அந்தப் பிரசங்கியாரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் இந்த ஐந்து வசனங்களையும் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் தனியாக வாசிக்கும்போது 17:37-இல் நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் போட்டது, லூக்கா போட்டதல்ல. 17:20-இல் ஆரம்பித்து 18:8 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். கழுகுக்கு அடுத்து வருபவள், அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலில் ஓயாமல் வந்து நிற்கும் விதவை. "எனக்கும் என் எதிராளிக்கும் இருக்கிற காரியத்தில் எனக்கு நியாயஞ்செய்ய வேண்டும்" என்கிறாள். சீஷர்கள் எந்த நாளைப் பயந்துகொண்டு "எங்கே" என்று கேட்டார்களோ, அந்த நாளுக்காக இவள் தினமும் நடையாய் நடக்கிறாள். எப்பொழுது, எங்கே என்று மற்றவர்கள் கேட்டுவந்த அந்தப் பேச்சில் கடைசிக் கேள்வி இயேசுவுடையது: மனுஷகுமாரன் வரும்போது பூமியிலே விசுவாசத்தைக் காண்பாரோ? அதற்கு லூக்கா யாருடைய பதிலையும் எழுதவில்லை.