புறப்பாட்டு இசை: ஒரு ஜாஸ் கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளாக ஜாஸ் கேட்டு வருகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரி வருவேன். நண்பர் வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து இசைத்தட்டுகள் கேட்போம். சென்ற முறை சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ வேர்ல்ட்' தட்டைக் கொண்டுபோனேன். அதில் 'வில்லேஜ் ப்ளூஸ்' என்ற ஒரே உருப்படி மூன்று முறை வருகிறது. குழுவின் மூத்தவர் பாதியில் எழுந்துவிட்டார். "படத்துக்காக வாசித்துக் கொடுத்தது, அதிலும் மிச்சம் மீதி. கலைஞன் ஒதுக்கிவைத்ததைக் கம்பெனிக்காரன் விற்கிறான், நீயும் காசு கொடுத்து வாங்கி வருகிறாய்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு வருத்தமும் உண்டு. படங்களில் ஜாஸ் வந்தாலே கொலை, குடி, சூதாட்டம்தான். இவ்வளவு பெரிய இசை படத்துக்குப் பின்னால் கைகட்டி நிற்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

'கைகட்டி நிற்பது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் கடலூர்க்காரர். வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். சுவாமி வெளியே வரும்போது நாகசுரக்காரர் கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார். அடுத்த முறை அவருடைய கண்களைக் கவனியுங்கள். உதடு சீவாளியில் இருக்கும், பார்வை சுவாமியைத் தூக்கி வருகிறவர்களின் தோளில் இருக்கும். அவர்கள் நின்றால் இவர் ஒரு சுற்றுக் கூட்டுவார். நடை எடுத்தால் தவில்காரருக்குப் புருவத்தால் ஒரு குறிப்பு போகும். அந்த இசையைக் கைகட்டி நிற்கிறது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம். நகர்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது தனி வித்தை. கச்சேரி மேடையில் பிறக்காத சில விஷயங்கள் அதில்தான் பிறக்கின்றன.

1957 டிசம்பர் 4ஆம் தேதி இரவு பாரிஸில் நடந்ததும் அதுவே. லூயி மால் என்ற 25 வயது இயக்குநர், 'தூக்குமேடைக்குப் போகும் லிஃப்ட்' என்று பொருள்படும் தலைப்பில் எடுத்திருந்த படத்தின் காட்சிகளைத் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். எதிரே மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டுடன். டிரம்ஸில் கென்னி கிளார்க், பியானோவில் ரெனே உர்த்ரெழே, பாஸில் பியர் மிஷ்லோ, சாக்ஸபோனில் 20 வயது பார்னி விலன். எழுதி வைத்த இசை என்று அநேகமாக எதுவும் இல்லை. சில சுரக்கட்டுகளைச் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடி வாசித்தார்கள். காதலன் லிஃப்டில் மாட்டிக்கொண்டது தெரியாமல் நாயகி ழான் மொரோ இரவுத் தெருவில் அவனைத் தேடி நடக்கிறார். அந்த நடையைப் பார்த்து டிரம்பெட் ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கிறது, விடுகிறது, காத்திருக்கிறது. அவர் அடிவைக்கும் வேகத்தை அது நகல் எடுப்பதில்லை. அவருக்குள் இருப்பதை வாசிக்கிறது. (இதே மால் பிறகு இந்தியா வந்து எடுத்து 1969இல் வெளியான ஆவணத் தொடரில் சென்னைத் தேரோட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரவு நினைவுக்கு வரும்.)

இந்த இசையை நான் முதலில் கேட்டது புதுச்சேரியில், ஒரு சொல்தா குடும்பத்து வீட்டில். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். அந்தப் பெரியவர் பாரிஸிலிருந்து கொண்டுவந்த பத்து அங்குலத் தட்டு அது. கடற்காற்றில் உறையின் ஓரமெல்லாம் பூஞ்சை. பழைய வேட்டித் துணியை ஈரப்படுத்திப் பிழிந்து, மையத்திலிருந்து வெளியே கோடு கோடாகத் துடைத்தார். ஊசி இறங்கியதும் முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஓசை. அதற்குள்ளிருந்து டிரம்பெட், ஆளில்லாத மண்டபத்தில் யாரோ வாசிப்பதுபோல வந்தது. அந்த எதிரொலிதான் இந்த இசையின் உயிர் என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு, 1988இல் குறுந்தட்டாக வந்த முழுப் பதிவு கைக்குக் கிடைத்தது. பழைய தட்டில் இருந்தவை 10 துண்டுகள். இதில் தட்டில் ஏறாத பதிவுகளும் சேர்ந்து 26. அவற்றில் எதிரொலி இல்லை! அது தட்டு தயாரிக்கும்போது சேர்க்கப்பட்டதாம். டிரம்பெட் முகத்துக்கு நேரே நிற்கிறது, குழலுக்குள் போகும் காற்றுகூடக் கேட்கிறது. பாரிஸின் ஷான்ஸெலிசே தெருவில் நடக்கும் அந்த இரவு நடைக்கான இசையை நான்கு முறை வாசித்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் படத்தின் தலைப்பு இசையானது. முதலிரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதுக்கு வந்தால், மைல்ஸ் எந்த இடத்தில் எந்தச் சுரத்தை விட்டுவிட்டார் என்பது தெரியும். நம் நிரவலில் ஒரே அடி ஒவ்வொரு சுற்றிலும் வேறாக விரிவதைப் போலத்தான். அதை யாரும் மிச்சம் மீதி என்பதில்லை.

உங்கள் மூத்த நண்பருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். 'ப்ளூ வேர்ல்ட்' கோல்ட்ரேன் ஒதுக்கியது அன்று. கனடா இயக்குநர் ழில் குரூ தன் படத்துக்கு இசை கேட்டார். 1964 ஜூன் 24ஆம் தேதி, மெக்காய் டைனர், ஜிம்மி கேரிசன், எல்வின் ஜோன்ஸ் மூவருடனும் கோல்ட்ரேன் வாசித்துக் கொடுத்தார். நாடா கனடாவுக்குப் போனது. ஏறத்தாழ 37 நிமிட இசையில் படம் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம். மீதி படத்தோடு கிடந்து 2019இல்தான் தட்டாக வந்தது. தன் பழைய உருப்படிகளைத் திரும்ப ஸ்டூடியோவில் பதிவு செய்வது கோல்ட்ரேனின் வழக்கமே இல்லை. 1959இல் பதிவு செய்த 'நைமா' என்ற உருப்படியை இதில் மறுபடி வாசித்திருக்கிறார், அதுவும் அவருடைய புகழ்பெற்ற 'எ லவ் சுப்ரீம்' தட்டு பதிவாவதற்கு ஆறு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது. படக்காரர் ஒருவர் கேட்டிராவிட்டால் இந்த 'நைமா' நமக்கு இல்லை.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் கதையும் அப்படியே. பிரெஞ்சு இயக்குநர் ரோஜே வதீமின் படத்துக்காக 1959 ஜூலையில் நியூயார்க்கில் வாசித்தது 2017 வரை தட்டாக வரவில்லை. அதில் 14 நிமிடம் நீளும் ஒரு ஒத்திகை இருக்கிறது. 'லைட் ப்ளூ' என்ற உருப்படிக்குத் தான் நினைத்த தாளநடையை டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் டெய்லருக்கு மங்க் விடாமல் சொல்லிக் கொடுக்கிறார். டெய்லர் தடுமாறுகிறார், பிடிக்கிறார், மறுபடி நழுவுகிறது. குருகுலத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கும். இதைக் குப்பை என்றால் எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் உங்கள் நண்பரை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். இரண்டு வரி வாசித்து நிறுத்தியதையும் இருமலையும் சேர்த்துப் பெட்டி பெட்டியாக விற்கிற தொகுப்புகள் உண்டு. அவற்றை நான் வாங்குவதில்லை. அபூர்வம் என்பதற்காக மட்டும் ஒரு தட்டை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கொலை, குடி பற்றிய வருத்தம் நியாயமானது. நம் படங்களிலும் சாக்ஸபோன் ஒலித்தால் வில்லன் வரப்போகிறான் என்று ஒரு காலம் இருந்தது. ஆனால் 'புதிய பறவை'யில் சௌகார் ஜானகி மேடையில் நின்று பாடும் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' அதே கிளப் பாட்டுதான். அது படத்தில் சோகமாகவும் திரும்பி வருகிறது. 1964இலேயே விஸ்வநாதன் ராமமூர்த்தி அந்த நடனக் கூடத்தின் இசைக்குள் ஒரு மனிதனின் பழைய காயத்தை வைத்துவிட்டார்கள். கலைஞனே நடுவில் நிற்கும் படம் வேண்டுமென்றால் 1986இல் வந்த 'ரவுண்ட் மிட்நைட்' பாருங்கள். சாக்ஸபோன் மேதை டெக்ஸ்டர் கார்டனே நாயகன். படப்பிடிப்பில் வாசித்த இசையையே அங்கேயே பதிவு செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு 'ப்ளூ வேர்ல்ட்' தட்டை மறுபடி கொண்டுபோங்கள். 'வில்லேஜ் ப்ளூஸ்' அதில் 2, 1, 3 என்று வரிசை மாறி இருக்கிறது, நடுவில் வேறு உருப்படியும் வந்துவிடுகிறது. ஊசியைத் தூக்கி வைத்து, 1, 2, 3 என்று அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். மூத்தவரை எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். மாடியில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள், மங்க் தட்டை நான் கொண்டுவருகிறேன்.